கவர்னர் நாற்காலிக்கு வரும் செனட்டர்கள்

2025-ம் ஆண்டில் அமெரிக்காவின் மூன்று செனட்டர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே மாதிரியான அறிவிப்பை வெளியிட்டார்கள். ஏப்ரலில் கொலராடோ ராஜ்யத்தின் மைக்கேல் பென்னட். மே மாதத்தில் அலபாமாவின் டாமி டியூபர்வில். ஆகஸ்டில் டென்னசியின் மார்ஷா பிளாக்பர்ன். முதல்வர் டெமாக்ரடிக் கட்சி. மற்ற இருவரும் ரிபப்ளிகன் கட்சி. மூவரும் சொன்னது ஒன்றே: 2026-ம் வருஷத் தேர்தலில் தத்தம் ராஜ்யத்தின் கவர்னர் பதவிக்குப் போட்டியிடுவதாக.

முதலாளிப் பத்திரிகைகள் உடனே கணக்குப் போடத் தொடங்கின. காலியாகும் செனட் இடம் யாருக்கு? எந்தக் கோஷ்டி எந்தக் கோஷ்டியைக் கவிழ்க்கும்? யாரிடம் எவ்வளவு பணம் திரண்டிருக்கிறது? பத்தி பத்தியாக எழுதினார்கள். ஆலைக்குள் நிற்கும் தொழிலாளிக்கும், பண்ணையில் குனிந்து நிற்கும் கூலியாளுக்கும் அதனால் என்ன வரும், என்ன போகும் என்பதைத் தேடித் தேடிப் பார்த்தாலும் அந்தப் பத்திகளில் கிடைப்பதில்லை.

ஆகவே அதை நாம் எழுத வேண்டியிருக்கிறது.

நமது நாட்டில் கவர்னர் என்றால் டெல்லியிலிருந்து நியமனம் பெற்று வருகிறவர். அமெரிக்கக் கவர்னர் அப்படியல்ல. ராஜ்யத்தின் ஜனங்கள் நேரடியாக வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர் அவர். நம் முதல் மந்திரியின் அதிகாரத்தோடு இன்னும் சில அதிகாரங்களும் அவர் கையில் இருக்கின்றன. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை அவர் தடுத்து நிறுத்தலாம். ராஜ்யத்தின் ராணுவப் படையான நேஷனல் கார்டு அவர் உத்தரவில் நகரும். செனட்டில் ஓரிடம் நடுவில் காலியானால், பெரும்பாலான ராஜ்யங்களில் அதற்குத் தற்காலிகமாக ஆளை நியமிப்பவரும் அவரே.

செனட்டர் என்பவர் வாஷிங்டன் மேல்சபையில் தம் ராஜ்யத்தின் பிரதிநிதி. ராஜ்யத்துக்கு இருவர், ஆறு வருஷப் பதவி. அவர் பேசுவார், வோட்டளிப்பார், நூறு பேரில் ஒருவராக இருப்பார். கவர்னரோ தம் ராஜ்யத்தில் ஒருவரே. அதனால்தான் இந்த நாற்காலிக்குப் போட்டி.

அந்தப் படையின் ருசியை அமெரிக்க மில் தொழிலாளர்கள் நன்றாகவே அறிவார்கள். 1934 செப்டம்பரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் 4 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜார்ஜியா ராஜ்யத்தின் கவர்னர் யூஜின் டால்மட்ஜ், தமது கட்சியின் பூர்வாங்கத் தேர்தல் முடியும் வரை, வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் படையை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தல் முடிந்தது, ஜெயித்தார். சில நாட்களுக்குள் ராணுவச் சட்டம் பிரகடனம் செய்தார். மறியல் செய்தவர்களை, பெண்கள் உட்பட, அட்லாண்டா அருகேயுள்ள போர்ட் மக்பெர்சன் ராணுவ முகாமில் முள்வேலிக்குள் அடைத்தார். வோட்டுக்கு முன் ஒரு பேச்சு, வோட்டுக்குப் பின் ஒரு துப்பாக்கி. இதைப் படிக்கும் மில் தோழருக்கு இது அந்நிய தேசத்துக் கதையாகத் தோன்றாது.

ஒரு செனட்டர் கவர்னராக வர விரும்பினால் ஒரு ராஜ்யத்தின் அரசியல் எப்படிப் புரளும் என்பதற்கு 1958-ம் வருஷத்துக் கலிபோர்னியாவை விடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரிந்து வேறில்லை. ஏனென்றால் அங்கே பெரிய மனிதர்கள் தங்களுக்குள் நாற்காலி மாற்றிக்கொள்ளப் போட்ட திட்டத்தின் நடுவே, அழைக்காத விருந்தாளியாகத் தொழிலாளி வர்க்கம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

வில்லியம் நோலண்ட் என்பவர் ஓக்லண்ட் நகரத்துப் பணக்காரக் குடும்பத்தில் வந்தவர். குடும்பச் சொத்து 'ஓக்லண்ட் டிரிப்யூன்' பத்திரிகை. அந்தப் பத்திரிகை ஏர்ல் வாரன் என்ற அரசியல்வாதியின் வளர்ச்சிக்கு நெடுநாள் துணை நின்றது. 1945 ஆகஸ்டில் செனட்டர் ஹைரம் ஜான்சன் இறந்தபோது வாரன்தான் கலிபோர்னியாவின் கவர்னர். காலியான இடத்துக்கு அவர் யாரை நியமித்தார்? நோலண்ட் வீட்டுப் பிள்ளையை! கவர்னர் நாற்காலி எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அந்தப் பிள்ளை வேகமாக மேலே போனார். 1953-ல் செனட்டில் ரிபப்ளிகன் கட்சியின் தலைவரானார். சீனத்தில் மக்கள் விரட்டியடித்த சியாங் கே ஷேக்குக்காக அவர் ஓயாமல் வாதாடியதால், 'பார்மோசா செனட்டர்' என்று ஊரே கேலி செய்தது. கலிபோர்னியா ஜனங்களின் வோட்டில் போனவருக்குப் பார்மோசாவின் பேரால் பட்டம்!

இத்தகையவர் 1957 ஜனவரியில், இனி செனட்டுக்குப் போட்டியிட மாட்டேன் என்றார். அந்த வருஷம் அக்டோபரில், கவர்னர் பதவிக்கு அபேட்சகராக நிற்பேன் என்றார். காரணம் யாருக்கும் ரகசியமல்ல. அவருடைய கண் 1960-ம் வருஷ ஜனாதிபதித் தேர்தலின் மீது. கலிபோர்னியா போன்ற பெரிய ராஜ்யத்தின் கவர்னராக இருந்தால், கட்சி மகாநாட்டில் அந்த ராஜ்யத்துப் பிரதிநிதிகள் அவ்வளவு பேரும் தம் பையில் என்பது கணக்கு. அதே கட்சியில், அதே ராஜ்யத்தில் பிறந்த நிக்ஸன் அப்போது உப ஜனாதிபதி. அவருக்கும் அதே நாற்காலியின் மேல்தான் கண்.

ஆனால் கவர்னர் நாற்காலி காலியாக இல்லையே! குட்வின் நைட் என்ற ரிபப்ளிகன்காரர் அதில் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் நிற்கவும் விரும்பினார். நைட் தொழிலாளி வர்க்கத்தின் தோழரல்ல. என்றாலும் தொழிற்சங்கங்களை வம்புக்கு இழுக்காமல் ஆட்சி நடத்தியவர். 1954 தேர்தலில் ஏ.எப்.எல். சங்கங்களின் ஆதரவைப் பெற்றவர். சங்க விரோதச் சட்டத்தை எதிர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர். பெரிய முதலாளிகளுக்கு இந்த அரைகுறை மனிதர் போதவில்லை. பண மூட்டைகள் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டன. வாஷிங்டனிலிருந்து நெருக்குதல் வந்தது. 1957 நவம்பரில் நைட் பணிந்தார். நோலண்ட் விட்டுச்செல்லும் செனட் இடத்துக்குத் தாம் நிற்பதாகச் சொன்னார். செனட்டர் கவர்னராகவும், கவர்னர் செனட்டராகவும் மாறிக்கொள்வது என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்கப் பத்திரிகைகள் 'பெரிய இடமாற்று' என்று அழைத்தன.

இரண்டு பண்ணையார்கள் திண்ணையில் உட்கார்ந்து, "என் மேட்டு நிலத்தை நீ எடுத்துக்கொள், உன் பள்ள நிலத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று பேசி முடிப்பதைப் போல இருந்தது காரியம். நிலத்தில் வேலை செய்கிறவனை யார் கேட்டார்கள்?

நோலண்ட் வெறுங்கையோடு வரவில்லை. சட்டைப் பையில் ஒரு சட்டத்தோடு வந்தார். அதன் பெயர் 'வேலை செய்யும் உரிமை'. கலிபோர்னியாவில் ஜனங்கள் நேரடியாக வோட்டளித்துச் சட்டம் செய்யும் வழி உண்டு. 1958 நவம்பர் தேர்தலில் அந்தச் சட்டம் 18-வது பிரேரணையாக வோட்டுச் சீட்டில் ஏறியது. நோலண்ட் அதைத் தமது கொடியாகவே பிடித்துக்கொண்டார்.

இந்தப் பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. இந்தச் சட்டத்தால் வேலையில்லாத ஒருவருக்கும் வேலை கிடைப்பதில்லை. வேலையிலிருந்து நீக்கப்படும் ஒருவருக்கும் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. இது செய்யும் வேலை வேறு. அதைச் சற்று விளக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டப்படி ஓர் ஆலையில் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுத்த சங்கம், அங்கே வேலை செய்யும் எல்லோருக்காகவும் பேசியாக வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவனுக்கும் சேராதவனுக்கும் ஒரே கூலி, ஒரே விடுமுறை, ஒரே பாதுகாப்பு. ஆகவே பல ஆலைகளில் சங்கங்கள் முதலாளியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: இங்கே வேலையில் இருப்பவர்கள் சங்கச் சந்தாவைக் கட்ட வேண்டும் என்று. எல்லோரும் சேர்ந்து நனையாமல் இருக்கும் கூரைக்கு எல்லோரும் ஓலை கொடுப்பது என்ற நியாயம்தான் இது. 'வேலை செய்யும் உரிமை'ச் சட்டம் இத்தகைய ஒப்பந்தத்தைத் தடை செய்கிறது. கூரையின் கீழ் எல்லோரும் நிற்கலாம். ஓலை கொடுப்பது அவரவர் இஷ்டம் என்கிறது. இரண்டு மழைக்காலம் போனால் கூரை என்ன ஆகும்? சங்கத்தின் நிதி வற்றும். முதலாளி தனக்கு வேண்டியவர்களைப் பார்த்து உள்ளே எடுப்பான். ஒரு வேலைநிறுத்தம் வந்தால் தாக்குப்பிடிக்கச் சங்கத்திடம் காசிருக்காது. கருங்காலிகளைத் தயார் செய்வதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

1947-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு நிறைவேற்றிய டாப்ட்-ஹார்ட்லி சட்டம் இதற்கு வாசலைத் திறந்துவிட்டது. ஒவ்வொரு ராஜ்யமும் விரும்பினால் இத்தகைய தடையைப் போட்டுக்கொள்ளலாம் என்றது. தெற்கத்தி ராஜ்யங்கள் பலவும் போட்டுக்கொண்டன. டென்னசி 1947-லேயே போட்டது, அலபாமா 1953-ல். டியூபர்வில்லும் பிளாக்பர்னும் கவர்னராக விரும்பிய அதே ராஜ்யங்கள்தாம் இவை. ஆனால் கலிபோர்னியா போன்ற பெரிய தொழில் ராஜ்யம் ஒன்று விழுந்தால்தான் முதலாளிகளுக்குத் திருப்தி. நோலண்டின் வருகையில் அடங்கியிருந்த உண்மையான விஷயம் இதுவே. அவர் ஜெயித்திருந்தால், அந்தச் சட்டமும் கூடவே ஜெயித்திருந்தால், பசிபிக் கடலோரத்தில் சங்கங்களின் முதுகெலும்பு முறிந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போது அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் தலைமையில் இருந்தவர்கள் பெரும்பாலோர் நம் கொள்கைக்காரர்கள் அல்லர். பகிரங்க விரோதிகளாகவே பலர் இருந்தார்கள். கம்யூனிஸ்டு அல்ல என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி டாப்ட்-ஹார்ட்லி சட்டம் சங்க நிர்வாகிகளைக் கேட்டபோது, பலரும் பணிந்து எழுதிக் கொடுத்தார்கள். இடதுசாரிச் சங்கங்களைச் சி.ஐ.ஓ. வெளியேற்றியது. ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் அப்படி 1950-ல் வெளியேற்றப்பட்டதுதான். சில சங்கங்களில் ஊழலும் இருந்தது. 1957-ல் செனட்டின் மக்கிளெல்லன் கமிட்டி அதை விசாரித்தது. நோலண்ட் அந்த விசாரணையைத்தான் ஆயுதமாக எடுத்தார். ஊழல் தலைவரிடமிருந்து சாதாரணத் தொழிலாளியைக் காப்பாற்றப் போகிறாராம்! வீட்டில் எலி இருக்கிறதென்று சொல்லி வீட்டையே கொளுத்த வந்த உபகாரி.

தொழிலாளர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். தலைவர்களின் மேல் ஆயிரம் குறை இருந்தாலும் சங்கம் தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏ.எப்.எல்., சி.ஐ.ஓ. இரண்டும் நாடளவில் 1955-லேயே இணைந்துவிட்ட போதிலும், கலிபோர்னியாவில் அவற்றின் ராஜ்ய ஸ்தாபனங்கள் 1958 டிசம்பர் வரை தனித்தனியாகத்தான் இருந்தன. இருந்தும் இந்தப் போராட்டத்தில் ஒரே திசையில் நடந்தன. துறைமுகத் தொழிலாளர்களும், வெளியேற்றப்பட்ட கசப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, 18-வது பிரேரணையை எதிர்த்தே நின்றார்கள். வோட்டர் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள். வீடு வீடாகப் போனார்கள். கறுப்பு மக்களின் உரிமை ஸ்தாபனமும் பிரேரணையை எதிர்த்தது. வேலையில் நிறவேற்றுமையை ஒழிக்கும் சட்டம் வேண்டும் என்று கேட்டுக்கேட்டுச் சலித்துப்போனவர்களிடம் 'வேலை செய்யும் உரிமை' என்ற வேஷம் எப்படிச் செல்லும்?

நோலண்டை எதிர்த்து நின்றவர் பாட் பிரவுன். டெமாக்ரடிக் கட்சிக்காரர், ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல். அவர் 18-வது பிரேரணையை எதிர்ப்பதாகச் சொன்னார். நைட்டின் ஆதரவாளர்கள் பலர் தங்கள் ஆளை விரட்டிய கோபத்தில் இருந்தார்கள். செனட் வேலையில் மூழ்கியிருந்த நோலண்டுக்குச் சொந்த ராஜ்யத்தின் நாடி தெரியவில்லை. அதோடு 1957-58-ல் அமெரிக்கப் பொருளாதாரமே மந்தத்தில் கிடந்தது. வேலையில்லாதோர் தொகை ஏறியிருந்தது. எல்லாப் புகழும் சங்கங்களுக்கே என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சங்கங்கள் இல்லாமல் நடந்திருக்கக்கூடிய விஷயமும் அல்ல அது.

1958 நவம்பர் 4-ந் தேதி வோட்டு எண்ணினார்கள். பிரவுனுக்கு 31 லட்சத்துக்கு மேல். நோலண்டுக்கு 21 லட்சம் சொச்சம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம்! 18-வது பிரேரணைக்கு எதிராக 30 லட்சத்துக்கு மேல், ஆதரவாகச் சுமார் 20 லட்சம். செனட்டுக்கு நின்ற நைட்டும் கிளேர் எங்கிள் என்பவரிடம் தோற்றார். இடம் மாற்றிக்கொண்ட இருவருக்கும் இரண்டு இடமும் போயிற்று.

அதே நாளில் இன்னும் ஐந்து ராஜ்யங்களில் இதே சட்டம் வோட்டுக்கு வந்திருந்தது. ஒஹையோ, வாஷிங்டன், கொலராடோ, ஐடஹோ நான்கிலும் ஜனங்கள் அதைத் தோற்கடித்தார்கள். கான்ஸாஸ் மட்டும் ஏற்றுக்கொண்டது. ஒஹையோவில் கவர்னரும், ஒரு செனட்டரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

கலிபோர்னியாவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ரிபப்ளிகன் கட்சி வைத்ததே சட்டமாக இருந்தது. ஒரே இரவில் அது மாறியது. 20-ம் நூற்றாண்டில் முதல் முறையாகச் சட்டசபையின் இரு சபைகளும் ஒருசேர டெமாக்ரடிக் கட்சியின் கைக்கு வந்தன. வேலையில் நிற, இன வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வருஷக்கணக்காக முடக்கப்பட்டுக் கிடந்தது. அது 1959-ல் நிறைவேறியது. ஒரே அபேட்சகர் இரண்டு கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலும் நின்று ஜனங்களைக் குழப்பும் முறையும் அதே வருஷம் ஒழிந்தது. 1952-ல் நோலண்ட் இரு கட்சியின் அபேட்சகராகவும் வந்தது இந்த முறையால்தான். இனி அந்த வித்தை நடக்காது. 1962-ல் நிக்ஸனும் கவர்னர் பதவிக்கு வந்து பார்த்தார். அவரும் செனட்டராக இருந்தவர்தான். பிரவுனிடம் தோற்றுப் போனார்.

இதுவரை படித்த மில் தோழர் மகிழ்ச்சியடைவார். விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்பார்: "நம் ஆட்களுக்கு என்ன கிடைத்தது?"

நியாயமான கேள்வி. பதில் கசப்பானது.

கலிபோர்னியா பெரும் பண்ணைகளின் ராஜ்யம். திராட்சை, பருத்தி, கீரை, தக்காளி எல்லாம் ஆயிரக்கணக்கான ஏக்கரில். 1935-ல் வந்த அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குச் சங்க உரிமை கொடுத்தபோது, பண்ணைத் தொழிலாளியை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அவன் சங்கத்தை முதலாளி அங்கீகரிக்க வேண்டியதில்லை. அவன் சங்கத்தில் சேர்ந்தால் விரட்டலாம். போதாக்குறைக்கு 1942 முதல் 1964 முடிய, மெக்சிகோவிலிருந்து 'பிராஸரோ' என்ற ஒப்பந்தக் கூலிகளைச் சர்க்காரே அழைத்து வந்து பண்ணைகளுக்குக் கொடுத்தது. உள்ளூர்க் கூலியாள் கூலி உயர்வு கேட்டால், எல்லைக்கு அப்பாலிருந்து ஏழைச் சகோதரனைக் கொண்டுவந்து அவன் வயிற்றில் அடிப்பது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் பிடித்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத வித்தையல்ல.

1958-ல் சங்கங்கள் காப்பாற்றியது சங்கம் இருந்தவர்களின் உரிமையை. சங்கமே அமைக்க முடியாதவர்களைப் பற்றி அந்த வோட்டுச் சீட்டில் ஒரு வரியும் இல்லை. பிரவுனின் எட்டு வருஷ ஆட்சியில் பெரிய கால்வாய்கள் வெட்டப்பட்டன, சர்வகலாசாலைகள் விரிந்தன. 1960-ல் நீர்த் திட்டத்துக்காக மட்டும் 175 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஜனங்கள் சம்மதம் தந்தார்கள். அந்தத் தண்ணீரால் பெரும் பண்ணைகளும் கொழுத்தன. அந்த வயலில் வேலை செய்தவனுக்குச் சங்க உரிமை வரவில்லை.

அவர்கள் தாங்களே எழுந்தார்கள். 1965 செப்டம்பர் 8-ந் தேதி டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் லாரி இட்லியாங் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில் ஸீஸர் சாவெஸ் தலைமையிலான மெக்சிகோ வம்சத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு எதிராக மற்றவரைக் கருங்காலியாக்கும் பழைய சூழ்ச்சி அன்றோடு உடைந்தது. 1966 மார்ச்சில் டெலானோவிலிருந்து தலைநகரான ஸாக்ரமெண்டோவுக்கு நடந்தார்கள், கவர்னரைப் பார்க்க. ஏப்ரல் 10-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, போய்ச் சேர்ந்தார்கள். கவர்னர் பிரவுன் ஊரில் இல்லை. பாம் ஸ்பிரிங்ஸில் விடுமுறையில் இருந்தார். 1958-ல் தொழிலாளர் வோட்டால் 10 லட்சம் வித்தியாசத்தில் வந்தவர், பாதம் வெடித்து வந்த கூலியாட்களுக்காக ஒரு பண்டிகை நாளை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வருஷம் நவம்பரில் ரொனால்டு ரீகனிடம் சுமார் 10 லட்சம் வோட்டில் தோற்றுப் போனார். இது அதனால் வந்தது என்று நாம் சொல்லவில்லை; தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை டெலானோ மறக்கவில்லை.

பண்ணைத் தொழிலாளிக்குச் சங்கம் தேர்ந்தெடுக்கும் சட்டம் 1975-ல்தான் வந்தது. கையெழுத்திட்ட கவர்னர் ஜெரி பிரவுன், பாட் பிரவுனின் மகன். தகப்பன் காலத்தில் கிடைக்காததை மகனிடம் வாங்க, நடுவில் பத்து வருஷ வேலைநிறுத்தமும், நாடு முழுவதும் திராட்சை பகிஷ்காரமும், சிறையும், ரத்தமும் தேவைப்பட்டன. முதுகை ஒடிக்கும் குட்டைக் காம்புக் களைக்கொத்தை அந்த ராஜ்யத்தில் தடை செய்ததும் அதே 1975-ல்தான். நாள் முழுக்கக் குனிந்தே களையெடுக்கும் நமது சகோதரிகளுக்கு அதன் அருமை தெரியும்.

கலிபோர்னியாவில் இன்னொரு செனட்டரும் கவர்னராக வந்தார். 1990-ல் ஜெயித்த பீட் வில்சன், ரிபப்ளிகன். அவர் தமது செனட் இடத்துக்குத் தாமே ஓர் ஆளை நியமித்தார். ஜனங்கள் 1992-ல் அந்த ஆளைத் தோற்கடித்தார்கள். 1994-ல் வில்சன், அனுமதிச் சீட்டில்லாமல் குடியேறிய ஏழைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியமும் கிடைக்கக் கூடாது என்ற 187-வது பிரேரணையைத் தோளில் சுமந்து மறுபடி ஜெயித்தார். பிரேரணையும் ஜெயித்தது, நீதிமன்றம் தடுத்தது. அந்த ஜெயத்தின் விலையை அவர் கட்சி பிறகு கொடுத்தது. பயமுறுத்தப்பட்ட லத்தீன் அமெரிக்க வம்ச உழைப்பாளிகள் ஆயிரமாயிரமாகக் குடியுரிமை பெற்று வோட்டர்களானார்கள். அந்த ராஜ்யத்தில் ரிபப்ளிகன் கட்சியின் பலம் படிப்படியாகக் கரைந்தது.

"ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன, நமக்கு நம் பாடு" என்று சொல்லும் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் முதலாளிகளின் பணத்தில் நடக்கும் கட்சிகள்தான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. அதற்காக நோலண்டும் பிரவுனும் ஒன்று என்று 1958-ல் ஒதுங்கியிருந்தால், 18-வது பிரேரணை சட்டமாகியிருக்கும். பிரவுன் வந்துவிட்டார், இனி எல்லாம் நடக்கும் என்று 1959-ல் உட்கார்ந்த இடத்தில்தான் பண்ணைத் தொழிலாளி பதினாறு வருஷம் காத்திருந்தான். இந்த இரண்டு தவறில் எது பெரிது என்று நம்மைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வோம். முதல் தவறைச் செய்ய விடாமல் தடுக்கப் பலர் இருப்பார்கள். இரண்டாவது தவறு வெற்றி விழாவின் மேளச் சத்தத்தில் காதில் விழுவதே இல்லை.

கொலராடோவைப் பாருங்கள். 1958-ல் 'வேலை செய்யும் உரிமை'யைத் தோற்கடித்த ராஜ்யம் அது. ஆனால் 1943-லிருந்து அங்கே வேறொரு முட்டுக்கட்டை இருக்கிறது. பெரும்பான்மையோர் வோட்டளித்துச் சங்கம் அமைத்தால் மட்டும் போதாது. எல்லோரும் சந்தா கட்டும் ஒப்பந்தத்தைப் பேச வேண்டுமானால் இரண்டாவது வோட்டு ஒன்று நடத்தி, அதில் நாலில் மூன்று பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். செனட்டருக்கும் கவர்னருக்கும் யாரும் 75 சதவீதம் கேட்பதில்லை. தொழிலாளியிடம் மட்டும் கேட்கிறார்கள்! 2025-ல் அந்த இரண்டாவது வோட்டை ஒழிக்கும் மசோதாவைச் சட்டசபையின் இரு சபைகளும் நிறைவேற்றின. அதே வருஷம் மே மாதத்தில் கவர்னர் ஜாரெட் போலிஸ் அதைத் தடுத்து நிறுத்தினார். அவர் ரிபப்ளிகன் அல்ல, டெமாக்ரடிக் கட்சிக்காரர். தொழிலாளர் வோட்டும் வாங்கி வந்தவர்.

மிச்சிகன் ராஜ்யத்தில் 2012-ல் ஒரு கவர்னர் கையெழுத்துப் போட்டு 'வேலை செய்யும் உரிமை'யைக் கொண்டுவந்தார். 2023-ல் இன்னொரு கவர்னரின் கையெழுத்தால் அது ரத்தானது. கொலராடோவில் ஒரு கவர்னரின் பேனாவால், 1943-ம் வருஷத்து முட்டுக்கட்டை 2025-லும் நின்ற இடத்திலேயே நின்றது.

போலிஸுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருவதாகத்தான் செனட்டர் பென்னட் அறிவித்தார். ஜெயித்தால் அவருடைய செனட் பதவியில் 2029 ஜனவரி வரை மீதியிருக்கும். அதற்கு ஆள் நியமிக்கும் சந்தர்ப்பமும் கவர்னர் அலுவலகத்திடம் வரும். அவரே 2009-ல் அப்படி ஒரு கவர்னரின் நியமனத்தால் செனட்டுக்குப் போனவர்தான். பத்திரிகைகள் அந்த நியமனம் யாருக்கு என்று ஆரூடம் சொல்லிக்கொண்டிருக்கட்டும். டென்வர் நகரத்தின் இறைச்சித் தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ நிற்கும் தொழிலாளி, பென்னட்டானாலும் வேறு யாரானாலும், வோட்டுக் கேட்டு வருகிறவரைப் படியில் நிறுத்திக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மசோதா மறுபடியும் மேஜைக்கு வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? ஆம் என்றால், எழுதிக் கொடுங்கள்.